லாஸ் ஏஞ்சல்ஸில் வெளியே சாப்பிடப்போகும் தம்பிக்கு

"அக்கா, ஆகஸ்ட்ல லாஸ் ஏஞ்சல்ஸ் வர்றேன். சைவம், முட்டை மட்டும் உண்டு. சமைக்கத் தெரியாது. வெளிய சாப்பிட்டே ஓட்டிரலாமா, மாசம் எவ்வளவு ஆகும், நம்ம ஊர்ச் சாப்பாடு எங்க கிடைக்கும், டிப்ஸ் கட்டாயமா, ஊறுகாய் கொண்டு வரலாமா?" ஒரே மூச்சில் இத்தனை கேட்டிருக்கீங்க தம்பி. மாசச் செலவை உங்க சம்பளமும் நாக்கும் பேசி முடிவு பண்ணிக்கட்டும், நான் நடுவில் வரமாட்டேன். நம்ம ஊர்ச் சாப்பாட்டுக்கு ஆர்ட்டீசியாவில் பயனியர் புலவார்டுன்னு ஒரு தெரு இருக்கு. கடைகளைச் சுற்றிப் பார்த்து நீங்களே பிடிச்சுக்குங்க. எனக்குப் பேச வேண்டியது டிப்ஸ் பற்றி.

மெனுவில் 20 டாலர்னு போட்டிருந்தா அது 20 டாலர் இல்லை. விற்பனை வரி அதில் சேராது. இந்தப் பக்கம் வரி பத்து சதவீதத்தை ஒட்டி வரும், அதனால் இரண்டு டாலர் ஏறும். மேஜைக்கு வந்து பரிமாறுகிற கடையாக இருந்தா 15லிருந்து 20 சதவீதம் டிப்ஸ். ஆக 26 டாலரைக் கையில் வச்சுக்கிட்டுத்தான் அந்த 20 டாலர் சாப்பாட்டுக்கு உட்காரணும். கணக்குப் போடச் சோம்பலா இருந்தா பில்லில் வரின்னு போட்டிருக்கிற தொகையை இரண்டு மடங்காக்கி வைங்க, ஏறக்குறைய சரியா வரும். வேறு மாநிலத்தில் இதைச் செய்யாதீங்க. அங்கங்கே வரி வேற.

ஏன் கொடுக்கணும்? டிப்ஸ் வாங்கும் வேலைக்கு மத்திய அரசு வச்சிருக்கிற குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர். 1991லிருந்து அதே 2.13தான். டெக்ஸஸ் மாதிரி மாநிலங்களில் இன்னும் அந்தக் கணக்கு ஓடுது. கலிபோர்னியாவில் அப்படி இல்லை, மாநிலத்தின் முழுக் குறைந்தபட்சக் கூலியையும் முதலாளி கொடுத்தாகணும், டிப்ஸ் அதுக்கு மேலே. இந்தச் சட்டத்தை மட்டும் நம்ம ஆட்கள் அட்சரம் பிசகாமல் தெரிஞ்சு வச்சிருப்பாங்க. "அதான் இங்க முழுச் சம்பளம் வருதே, எதுக்கு டிப்ஸ்?" இந்த ஊர் வீட்டு வாடகை என்னன்னு கேட்டா மட்டும் பேச்சு வராது.

நாங்க வந்த புதுசில் என் வீட்டுக்காரரோட அலுவலகத்தில் எல்லாரையும் குடும்பத்தோட சாப்பிடக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. குழுவுக்குத் தலைவர் நம்ம தமிழ் ஆள்தான். பெரிய மேஜை, குழந்தைங்க சிந்தினது இறைச்சதுன்னு ஒரு பொண்ணு இரண்டு மணி நேரம் ஓடி ஓடிப் பரிமாறினா. தலைவர் சில்லறையாக் கொஞ்சம் காசை வச்சுட்டு எழுந்தார். அவ கார் நிறுத்தும் இடம் வரைக்கும் பின்னாடியே வந்து, "என்கிட்ட ஏதாவது குறை இருந்ததா?"ன்னு கேட்டா. கோபமாக் கேட்டிருந்தாக்கூடப் பரவாயில்லை. தலைவர் சிரிச்சுக்கிட்டே கார்ல ஏறிட்டார். அந்த மனுஷன் இப்போ மலைமேல் வீடு வாங்கிட்டார், டிப்ஸ் கதையை இன்னிக்கும் விருந்துக்கு விருந்து பெருமையாச் சொல்லிக்கிட்டிருக்கார். அவர் வீட்டு விருந்துக்கு நான் போறதில்லை.

அதுக்காகக் கண்ணை மூடிக்கிட்டும் கொடுக்காதீங்க. பில்லில் ஏற்கெனவே 18 அல்லது 20 சதவீதம் சேவைக் கட்டணம் போட்டிருப்பாங்க. ஆறு பேருக்கு மேல் போனா இது ரொம்ப சகஜம். போட்டுட்டு அதுக்குக் கீழேயே டிப்ஸுக்கும் ஒரு கோடு காலியா விட்டிருப்பாங்க. படிக்காமல் எழுதினா இரண்டு தடவை கொடுத்த மாதிரி. 2024 ஜூலையில் மறைமுகக் கட்டணங்களுக்குக் கலிபோர்னியா தடை கொண்டுவந்தது. அது அமலுக்கு வர இரண்டு நாள் இருக்கும்போது உணவகங்களுக்கு மட்டும் விலக்குக் கொடுத்துட்டாங்க. கட்டணத்தைக் கண்ணில் படும்படி எழுதி வச்சா போதுமாம். எழுதித்தான் வைக்கிறாங்க, மெனுவின் கடைசிப் பக்கத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி. வண்டிக் கடையிலும் காபிக் கடையிலும் திரையைத் திருப்பி 18, 20, 25னு காட்டுவாங்க. அங்கே உங்க இஷ்டம். நான் ஒரு டாலர் நோட்டை டப்பாவில் போட்டுட்டு நகர்ந்துருவேன்.

அடுத்த எச்சரிக்கை சைவம். எங்க வீட்டில் அவர் சுத்த சைவம், நான் பறக்கிறது நீந்துகிறது எல்லாம். அதனால் இரண்டு கரையும் தெரியும். இங்கே இறைச்சித் துண்டு கண்ணில் படலைன்னா அது சைவம்னு பரிமாறுகிறவங்க நினைச்சுக்குவாங்க. மெக்ஸிகன் கடையில் மசிச்ச பீன்ஸில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம், சிவப்புச் சோறு கோழிச்சாற்றில் வெந்திருக்கலாம். தாய்லாந்துக் குழம்பில் காய்கறிதான் மிதக்கும், விழுதில் இறால் இருக்கும், மேலே மீன் சாஸ் ஊற்றியிருப்பாங்க. ஜப்பான் கடையில் வருகிற மீசோ சூப்புக்கு அடியே கருவாட்டுச் சாறுதான். கிம்ச்சியிலும் மீன், சீசர் சாலட்டிலும் மீன். மெக்டொனால்ட்ஸ் 1990ல் உருளை வறுவலைத் தாவர எண்ணெய்க்கு மாற்றினதா அறிவிச்சுட்டு, மாட்டிறைச்சிச் சுவையூட்டியைத் தொடர்ந்து சேர்த்துக்கிட்டு வந்தது. 2001ல் இந்துக்களும் சைவச் சாப்பாட்டுக்காரங்களும் வழக்குப் போட்டாங்க, அடுத்த வருஷம் மன்னிப்புக் கேட்டு 1 கோடி டாலர் கொடுத்தாங்க. அமெரிக்காவில் இன்னும் அந்தச் சுவையூட்டி வறுவலில் இருக்கு, அவங்க பட்டியலைப் படிச்சுப் பார்த்துக்குங்க.

அதனால் "வெஜிடேரியன்"னு சொல்லி நிறுத்தாதீங்க. மீன் சாஸ் வேண்டாம், கோழிச்சாறு வேண்டாம்னு பேர் சொல்லிக் கேளுங்க. வியட்நாம் கடையில் "சாய்"னு போட்டிருந்தா அது பௌத்தச் சைவம், நம்பிச் சாப்பிடலாம். மெக்ஸிகன் வண்டியில் "சின் கார்னே, சின் மன்டேகா"ன்னு கேளுங்க, இறைச்சி வேண்டாம், பன்றிக் கொழுப்பு வேண்டாம்னு புரிஞ்சுக்குவாங்க. சப்பாத்திக்கள்ளியில் நோபாலெஸ், பூசணிப்பூ வச்ச கெசடியா, உருளைக்கிழங்கு டாக்கோ எல்லாம் உண்டு. ஒரே கல்லில்தான் எல்லாத்தையும் சுடுவாங்க, அது மனசுக்கு ஒப்பலைன்னா வண்டிக் கடைப் பக்கம் போகாதீங்க. போயி நின்னு மூக்கைப் பொத்தாதீங்க.

இந்த ஸ்பானிஷ் எனக்கு எப்படி வந்ததுன்னு சொல்லணும். நான் எச்4 விசாவில் வந்தவ, வேலைக்கு வர்றவரோட மனைவிக்குக் கொடுக்கிற விசா. அப்போ அதில் வேலை பார்க்க முடியாது. எனக்கு கார் ஓட்டவும் தெரியாது, இந்த ஊரில் கார் இல்லைன்னா கால் இல்லை. பொள்ளாச்சியில் எட்டு வீட்டுச் சத்தம் கேட்டு வளர்ந்தவளுக்கு, பகலெல்லாம் குளிர்சாதனப் பெட்டியோட உறுமல் மட்டும்தான் துணை. எதிரே ஒரு கட்டடம் கட்டிக்கிட்டிருந்தாங்க. தினமும் மதியம் ஒரு லோன்செரா வரும். சாப்பாட்டு வண்டிக்கு இங்கே அதான் பேர். ஆரனிலேயே ஒரு பாட்டு வச்சிருப்பான், அது கேட்டதும் கூலி ஆட்கள் தலைக்கவசத்தோட வரிசையில் நிப்பாங்க. ஒரு நாள் நானும் சேலையோட போய் நின்னேன். சன்னலுக்குள் இருந்த அம்மா "மிஹா"ன்னு, அதாவது மகளேன்னு கூப்பிட்டு, என் கையில் இருந்த நோட்டைப் பார்த்து அவளே கணக்குப் போட்டு மீதி கொடுத்தா. சோள ரொட்டியில் பொடிசா நறுக்கின வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சை, பக்கத்தில் கருக வாட்டின பச்சை மிளகாய். வந்து இறங்கினதிலிருந்து உப்பும் புளிப்பும் காரமும் ஒண்ணாச் சேர்ந்த சாப்பாடு அதுதான் முதல் தடவை. எண்ணக் கத்துக்கிட்டது, காய் பேர் கத்துக்கிட்டது எல்லாம் அந்தச் சன்னலுக்குக் கீழே நின்னுதான். கட்டடம் முடிஞ்சதும் வண்டி வரலை.

வண்டிகள் இப்படி இடம் மாறுவதுக்குச் சட்டமும் ஒரு காரணம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓரிடத்தில் நின்னா, 200 அடிக்குள் வேலையாட்களுக்குக் கழிப்பறை வசதி இருக்கணும். பெட்ரோல் பங்க் ஓரமா ஏன் இத்தனை வண்டின்னு இப்போ புரியும். லா பிரேயாவும் வெனிஸ் புலவார்டும் சேருமிடத்தில் லியோஸ் வண்டி அப்படித்தான் நிக்குது. கம்பியில் சுழலுகிற இறைச்சி, உச்சியில் அன்னாசி. லெபனான்காரங்க மெக்ஸிகோவுக்குக் கொண்டுபோன ஷவர்மா வழி வந்த சரக்கு. உங்களுக்கு அது ஆகாது, இருந்தாலும் சீவுகிறவன் கத்தி முனையில் அன்னாசியைத் தெறிக்கவிட்டுத் தட்டில் பிடிக்கிறதைப் பார்க்கவாவது போகலாம்.

2008 கடைசியில் ராய் சோய்ங்கிற சமையல்காரரோட கோகி வண்டி வந்தது. மெக்ஸிகன் ரொட்டிக்குள் கொரிய இறைச்சி. எங்கே நிக்கும்னு ட்விட்டரில்தான் அறிவிப்பாங்க. நடுராத்திரியில் அதைத் துரத்திக்கிட்டுப் போயிருக்கோம், சைவக்காரர்தான் வண்டி ஓட்டுவார், பாவம். ஜோனதன் கோல்ட் எழுதுறதைப் படிச்சுட்டு அடுத்த சனிக்கிழமையே அந்தக் கடை வாசலில் நிக்கிறதும் ஒரு காலம். உணவக விமர்சகருக்குப் புலிட்சர் பரிசு முதன்முதலில் கிடைச்சது அவருக்குத்தான், 2007ல். பெரிய ஓட்டல்களை விட்டுட்டுத் தெருக்கோடிக் கடைகளைத் தேடிப்போன மனுஷன். 2018ல் அவர் இறந்தப்போ எங்க வீட்டில் துக்கம். நியூயார்க் போனா வாஷிங்டன் ஸ்கொயர் பூங்காவில் திருக்குமாரின் தோசை வண்டிக் கதையைக் கேளுங்க. யாழ்ப்பாணத்துக்காரர், தள்ளுவண்டியில் தோசை சுட்டு, தெருக்கடைக்காரங்களுக்குக் கொடுக்கிற வெண்டி விருதை 2007ல் வாங்கினவர்.

அப்படி ஒருத்தர் நம்ம சாப்பாட்டை வெள்ளைக்காரன் வாயில் வச்சிருக்கார். நம்ம ஆட்களோ காலாகாலமா ஒரே பஃபேயில் அதே ஆறிப்போன பனீரை அள்ளிட்டு "இந்த ஊர்ல என்ன இருக்கு"ங்கிறாங்க. ஃபேர்ஃபாக்ஸ் அவென்யூவில் எத்தியோப்பியத் தெரு இருக்கு, 2002லிருந்து லிட்டில் எத்தியோப்பியான்னே பேர். எத்தியோப்பியக் கிறிஸ்தவர்கள் புதனும் வெள்ளியும் விரதம் இருப்பாங்க, முட்டை பால்கூட கிடையாது. அதனால் அவங்க சைவத் தட்டு அசல் சைவம். பெரும்பாலும் எண்ணெயில் தாளிச்சதுதான், ஆனாலும் வெண்ணெய் போட்டாங்களான்னு ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. டெஃப்ங்கிற தானிய மாவைப் புளிக்க வச்சுச் சுட்ட இஞ்செராவை விரிச்சு, மேலே மசூர் பருப்பு, கடலைமாவுக் குழம்பு, கீரை, முட்டைக்கோஸ் எல்லாம் வச்சுத் தருவாங்க. கையால் பிய்த்துத்தான் சாப்பிடணும். உங்களுக்கு முதல் வாரமே வீட்டு நினைப்பு வந்துச்சுன்னா ஆர்ட்டீசியாவுக்கு முன்னாடி அங்கே போங்க.

கடை வாசலில் சுத்தத்துக்குத் தரம் போட்ட A, B, C அட்டை தொங்கும். 1997ல் ஒரு தொலைக்காட்சி மறைவாக் கேமரா வச்சுச் சமையலறைகளைப் படம்பிடிச்சுக் காட்டி ஊரே கொதிச்சதும், 1998லிருந்து மாவட்டச் சுகாதாரத்துறை கொண்டுவந்தது அது. A நல்லது. B போட்ட கடைகளில் நான் சாப்பிட்டிருக்கேன், ஒண்ணும் ஆகலை. C பக்கம் போனதில்லை.

ஊறுகாய் கொண்டு வாங்க. பெரிய பெட்டியில் நல்லாச் சுற்றி வைங்க, கைப்பையில் வச்சா விமான நிலையத்தில் வாங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டுருவாங்க. கடைக்குப் போகும்போது மட்டும் பாட்டிலை வீட்டிலேயே விட்டுட்டுப் போங்க.