ஸ்டாக்ஹோமில் ஒரே நாள், அதுவும் திங்கள், முட்டிவலியுள்ள அம்மாவோடு: என்ன பார்க்கலாம்?

வணக்கம். திங்களன்று தேசிய ஓவியக்கூடமும் நவீன கலைக்கூடமும் மூடியிருக்கும், அவற்றை விட்டுவிடுங்கள். வாசா கப்பல் அருங்காட்சியகம் திறந்திருக்கும். காலையில் கதவு திறக்கும்போதே போய்விடுங்கள், அப்புறம் கூட்டம் நெரியும். நகர மையத்து மெட்ரோ நிலையமான டி-சென்ட்ராலனில் 7ஆம் எண் டிராம் ஏறினால் நடை குறைவு. உள்ளே எல்லா மாடிக்கும் லிஃப்ட் உண்டு. மரம் கெடாமலிருக்கக் கூடத்தைக் குளிராகவே வைத்திருப்பார்கள், அம்மாவுக்கு ஸ்வெட்டர் அவசியம்.

வாசா 69 மீட்டர் நீளமுள்ள பழைய ஸ்வீடன் போர்க்கப்பல். 1628இல் முதல் பயணத்திலேயே சுமார் 1,300 மீட்டர் போய்க் கவிழ்ந்தது. மேல்பாகம் கனம், அடியில் பாரம் போதவில்லை. காற்றில் சாய்ந்ததும் திறந்திருந்த பீரங்கி வாசல்கள் வழியே தண்ணீர் புகுந்துவிட்டது. கீழ்வரிசை வாசல்கள் நீர்மட்டத்துக்கு எவ்வளவு அருகே என்று பக்கத்தில் நின்று பாருங்கள், காரணம் தானாகப் புரியும். பால்டிக் கடலில் உப்பு குறைவு, மரம் அரிக்கும் கப்பல்புழு அங்கே பிழைக்காது. அதனால்தான் 1961இல் முழுசாக மேலே வந்தது.

மதியம் நகர மண்டபம். வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே விடுவார்கள், ஆங்கிலச் சுற்றின் நேரத்தை முன்பே பாருங்கள். நோபல் விருந்து நடக்கும் நீலக் கூடம் சிவப்புச் செங்கல்தான்! கோபுரம் வேண்டாம், லிஃப்ட் பாதிவரைதான்.

பழைய நகரான காம்லா ஸ்தானில் தரையெல்லாம் உருண்டைக் கல், முட்டிக்கு ஆகாது. ஸ்டோர்டோர்யெட் சதுக்கத்தோடு திரும்பிவிடுங்கள். ரொக்கத்தைப் பல இடங்களில் வாங்க மாட்டார்கள், கார்டு கட்டாயம்.