அழிக்காதீர்கள், முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்: இணையத்தில் பெண்களின் பேச்சு பற்றிய கேள்வி பதில்

நான் மலேசியாவில், பினாங்கு ஜார்ஜ்டவுனில் வழக்கறிஞராக இருக்கிறேன். இணையத்தில் பெண்களுக்கு வரும் தொல்லை பற்றிய புகார்கள்தான் இப்போது என் மேசைக்கு அதிகம் வருகின்றன. நம் குழுவில் பலர் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டே இருப்பதால், இன்று இரவு எல்லாருக்கும் பொதுவாகப் பதில் சொல்கிறேன். மலேசியச் சட்டம், புகார் செய்யும் வழி, குழுக்களில் பெண்கள் பேசும்போது நடப்பவை, இவற்றைக் கேளுங்கள். விவாகரத்து, வீட்டுக் கடன் எல்லாம் இன்னொரு நாள்.

கேள்வி (பட்டர்வொர்த், தாய்): அக்கா, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்க வாட்ஸ்ஆப் குழுவில் விளையாட்டுப் போட்டிச் செலவுக் கணக்கைக் கேட்டேன். கணக்கு வரவில்லை. "வீட்டில் வேலை இல்லையா", "முதலில் புருஷனிடம் கேட்டுவிட்டு வாங்க" என்றுதான் வந்தது. அட்மின் அதற்குச் சிரிக்கும் முகம் போட்டார். சட்டத்தில் இடமுண்டா?

பதில்: இதற்காகப் போலீசுக்குப் போகாதீர்கள், நிற்காது. ஆனால் இன்று வந்ததிலேயே முக்கியமான கேள்வி இதுதான் என்பேன்.

இதே கணக்கை ஓர் அப்பா கேட்டிருந்தால் என்ன வந்திருக்கும்? "உங்களுக்கு விஷயம் தெரியாது", "கமிட்டியை நம்பமாட்டீர்களா" என்று வந்திருக்கும். அதுவும் மரியாதைக் குறைவுதான். ஆனால் அவருடைய கேள்வியைத்தான் திட்டியிருப்பார்கள். உங்கள் விஷயத்தில் கேள்வியை விட்டுவிட்டு உங்களையும், உங்கள் வீட்டையும், கணவரையும் எடுத்துக்கொண்டார்கள். குழுவில் எழுதும் உரிமை இரண்டு பேருக்கும் ஒன்றுதான். எழுதியதற்குக் கொடுக்கும் விலைதான் வேறு. இணையத்தில் சமத்துவம் என்று நான் பேசுவது இந்த விலையைப் பற்றி.

இது புதிதும் இல்லை, படிப்பில்லாதவர்கள் செய்வதும் இல்லை. சூசன் ஹெரிங் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1990களின் தொடக்கத்திலேயே பேராசிரியர்கள் கணினி வழியாக நடத்திய விவாதங்களை ஆராய்ந்தார். ஆண்கள் அதிகமாகவும் நீளமாகவும் எழுதினார்கள். பெண்கள் தொடங்கிய பேச்சுக்குப் பதில் குறைவாக வந்தது. ஒரு விவாதத்தில் பெண்களின் பங்கு கொஞ்சம் கூடியதும், எங்களைப் பேசவிடவில்லை என்று ஆண்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். அத்தனை பேரும் படித்தவர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. கோபத்துக்குப் பதில் எழுதாதீர்கள். உங்கள் முதல் கேள்வியையே மேற்கோளாக எடுத்து, "கணக்கு எப்போது வரும்?" என்று ஒரே வரி போடுங்கள். இன்னும் இரண்டு பெற்றோரிடம் சொல்லி அதே வரியைப் போடச் சொல்லுங்கள், அதில் ஒருவர் அப்பாவாக இருக்கட்டும். அப்புறம் அட்மினிடம் ஒரு விதி கேளுங்கள்: சொன்ன கருத்தைப் பற்றிப் பேசலாம், சொன்னவரின் குடும்பத்தைப் பற்றியோ தோற்றத்தைப் பற்றியோ பேசக்கூடாது. வாட்ஸ்ஆப்பில் யார் போட்ட பதிவையும் அட்மின் எல்லாருக்கும் அழிக்க முடியும். பிறை நகரில் ஓர் இளைஞர் குழு இந்த விதியைக் குழுவின் விவரக் குறிப்பிலேயே எழுதி வைத்திருக்கிறது. மீறினால் பதிவு போய்விடும், மறுபடி மீறினால் ஆள் போய்விடுவார். அங்கே பெண்கள் பேசுகிறார்கள்.

கேள்வி (சுங்கை டுவா, மாணவர்): 66ஏ பிரிவில் கேஸ் போடலாம் என்று யூடியூபில் சொன்னார்களே?

பதில்: அது இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைத் தண்டித்த இந்தியச் சட்டப் பிரிவு, தம்பி. அங்கேயே 2015இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. தமிழ்நாட்டு வீடியோவைப் பார்த்துவிட்டு மலேசியாவில் புகார் எழுதாதீர்கள்.

கேள்வி (செந்தூல்): ஈஷா இறந்த பிறகு சட்டம் மாறியது என்கிறார்கள். உண்மையில் என்ன மாறியது?

பதில்: டிக்டாக்கில் பதிவிட்டுவந்த ஈஷா என்ற ராஜேஸ்வரி 2024 ஜூலை 5 அன்று கோலாலம்பூரில் இறந்தார். நம் ஆட்கள், நம் மொழியிலேயே, டிக்டாக்கில் அந்தப் பெண்ணைத் திட்டித் தீர்த்தார்கள். இறப்பதற்கு முந்தைய நாள்தான் அவர் போலீசில் புகார் செய்திருந்தார். வழக்கில் ஒருவருக்குக் கிடைத்த தண்டனை 100 வெள்ளி (ரிங்கிட்) அபராதம். 1955ஆம் ஆண்டின் சிறு குற்றச் சட்டத்தில் அதற்குமேல் போட இடமில்லை. நாடே கொதித்தது அந்த 100 வெள்ளியைப் பார்த்துத்தான்.

அதன்பின் தண்டனைச் சட்டத்தில் 507பி முதல் 507ஜி வரை புதிய பிரிவுகள் சேர்ந்தன. 2025 ஜூலை 11 முதல் நடப்பில் இருக்கின்றன. மிரட்டல், வசை, அவமதிப்பு இவற்றால் ஒருவரை வதைப்பது இப்போது தனிக் குற்றம். ஒருவரின் முகவரி, தொலைபேசி எண் போன்றவற்றை அவரைத் துன்புறுத்தப் பரப்புவதும் குற்றம். அப்படித் தூண்டப்பட்டு ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றால், தூண்டியவருக்கு 10 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம்.

வேறு இரண்டும் உண்டு. 2023 மே மாதத்திலிருந்து 507ஏ: ஒருவரை விடாமல் பின்தொடர்வது, வேண்டாம் என்றும் செய்தி அனுப்பிக்கொண்டே இருப்பது. குறைந்தது இரண்டு முறை நடந்திருக்க வேண்டும், தண்டனை 3 ஆண்டு வரை. தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவில் அபராத உச்சம் 50,000 வெள்ளியிலிருந்து 2025இல் 500,000 வெள்ளி ஆகிவிட்டது.

இதைப் படித்துக்கொண்டிருப்பவர்களில் யாருக்காவது மனம் தாங்கவில்லை என்றால், வழக்கை அப்புறம் பார்க்கலாம். மனம் விட்டுப் பேச பிஃபிரெண்டர்ஸ் உதவி எண் 03-7627 2929, எந்த நேரமும் எடுப்பார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. உதவி கேட்டால் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று பயப்பட வேண்டாம்.

கேள்வி (பாயான் லெப்பாஸ்): ஒருவன் இன்ஸ்டாகிராமில் அசிங்கமாக எழுதிக்கொண்டே இருந்தான். எல்லாவற்றையும் அழித்துவிட்டு பிளாக் செய்துவிட்டேன். இப்போது புகார் செய்யலாமா?

பதில்: செய்யலாம், ஆனால் கையில் ஒன்றும் இல்லாமல் போகிறீர்கள். எல்லாரும் கேளுங்கள்: அழிக்காதீர்கள். முதலில் ஸ்கிரீன்ஷாட். அதில் கணக்கின் பெயர், தேதி, நேரம், முழு உரையாடல் தெரிய வேண்டும். பக்கத்தின் இணைப்பைத் தனியாக நகலெடுங்கள். பெயரை நாளைக்கே மாற்றிவிடுவான், இணைப்புதான் பிடி. தானாக மறையும் செய்தி என்றால் இன்னொரு போனால் படம் எடுங்கள். அதன்பிறகு பிளாக்.

புகாரை எந்தப் போலீஸ் நிலையத்திலும் கொடுக்கலாம். மலாயில் எழுதுவார்கள். கையெழுத்துக்கு முன் வரி வரியாகப் படியுங்கள். "என்னைக் கேலி செய்தார்" என்று மட்டும் எழுதியிருந்தால் அவன் சொன்ன வார்த்தைகளை அப்படியே சேர்க்கச் சொல்லுங்கள். வாய் கூசினால் எழுதிக்கொண்டு போய் நீட்டுங்கள். ரிப்போர்ட் நகலும், விசாரணை அதிகாரியின் பெயரும் இல்லாமல் வெளியே வராதீர்கள்.

கேள்வி (புக்கிட் மெர்தாஜாம்): என் தங்கையின் முகத்தை வேறு உடலில் ஒட்டி அனுப்புகிறான். பணம் கேட்கிறான்.

பதில்: பணம் கொடுக்காதீர்கள், கொடுத்தால் மறுபடி கேட்பான். ஸ்டாப் என்சிஐஐ என்று ஒரு தளம் இருக்கிறது, 2021இலிருந்து. படத்தை அங்கே அனுப்ப வேண்டியதில்லை. உங்கள் போனிலேயே படத்திலிருந்து ஓர் எண் அடையாளம் உருவாகும், அது மட்டும்தான் போகும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக் போன்றவை அந்த அடையாளத்தை வைத்துப் படத்தைத் தடுக்கும். வாட்ஸ்ஆப்பில் தனி உரையாடலுக்குள் அது போகாது. தங்கைக்கு 18 வயது ஆகவில்லை என்றால் டேக் இட் டவுன் என்ற இதே போன்ற தளம். போலீஸ் ரிப்போர்ட் நாளைக் காலையே. தனியாகப் போகத் தயங்கினால் ஜார்ஜ்டவுனில் மகளிர் மாற்ற மையம் இருக்கிறது, 1985இலிருந்து இயங்குகிறது. தங்கையைத் திட்டாதீர்கள், போனையும் பிடுங்காதீர்கள்.

கேள்வி (ஜெலுத்தோங்): கமெண்ட்டை டெலிட் செய்துவிட்டேன், இப்போது என்ன செய்வது?

பதில்: மேலே பாயான் லெப்பாஸ் பதில்.

கேள்வி (நிபோங் திபால், ஓய்வு பெற்றவர்): அம்மா, தப்பாக நினைக்கக்கூடாது. பெண்பிள்ளைகள் சொந்தப் படமும் சொந்தப் பெயரும் போடாமல் இருந்தால் இதில் பாதி வராதே? பாதுகாப்புக்காகச் சொல்கிறேன்.

*(கீழே வந்தவை. லிட்டில் இந்தியாவில் துணிக்கடை வைத்திருப்பவர்: "படம் போடாமல் டிக்டாக் நேரலையில் புடவை எப்படி விற்பது ஐயா? நான் மடிப்பைப் பிடித்துக் காட்டும்போது என் அளவைக் கேட்கிறார்கள். நேற்றுப் பக்கத்துக் கடை அண்ணன் வேட்டி விற்றார், அவரிடம் விலையைத்தான் கேட்டார்கள்." செந்தூல்: "ஐயா சொல்வது நடைமுறை. திருடன் இருக்கிற ஊரில் கதவைச் சாத்தத்தான் வேண்டும்." பட்டர்வொர்த் தாய்: "நான் படமே போட்டதில்லை. எனக்கும்தானே வந்தது?" இப்படியே நாற்பதுக்கும் மேல்.)*

பதில்: ஐயா, அக்கறையில் கேட்கிறீர்கள் என்று தெரிகிறது. அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், இது பலன் தராத யோசனை.

என்னிடம் வருகிற வழக்குகளில் படம் எங்கிருந்து கிடைத்தது என்று பார்க்கிறேன். கல்யாண வீட்டில் உறவினர் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டது, அலுவலக ஆண்டு விருந்துப் படம், பழைய காதலனின் போன். அந்தப் பெண்கள் பலர் தாங்களாக எதையும் போட்டதே இல்லை. செய்கிறவனும் பெரும்பாலும் முகம் தெரியாதவன் இல்லை. முன்னாள் கணவன், கூட வேலை செய்தவன், சொந்தக்காரன். அவனுக்கு அவள் பெயரும் வீடும் தெரியும்.

செந்தூல் நண்பரே, கதவைச் சாத்துகிறவர் வீட்டுக்குள் தன் வேலையைச் செய்யலாம். பெயரை மறைத்த பெண் கடை வியாபாரத்தை இழக்கிறாள், வேலை வாய்ப்பை இழக்கிறாள், கோயில் கூட்டத்தில் தன் கருத்தை இழக்கிறாள். தொல்லை கொடுத்தவனுக்கு ஒன்றும் குறையவில்லை. அவன் தன் படத்தோடு, தன் பெயரோடு, அடுத்த பதிவுக்குப் போகிறான். பாதுகாப்புக்கான செலவு முழுவதும் அவள் தலையில் ஏன்?

மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பில், பாகுபாட்டைத் தடுக்கும் 8(2) பிரிவில் பாலினத்தைச் சேர்த்தது 2001இல்தான். அதுவும் அரசாங்கம் காட்டும் பாகுபாட்டைத்தான் தடுக்கும், உங்கள் வாட்ஸ்ஆப் குழுவுக்குள் வராது. அங்கே நடப்பதைத் தடுக்க வேண்டியவர்கள் அங்கே இருக்கிற ஆண்கள். ஐயா, உங்கள் வயதுக்கும் பெயருக்கும் மதிப்பு இருக்கிறது. அடுத்த முறை ஒருவன் அப்படி எழுதும்போது "தம்பி, இதை எடு" என்று நீங்கள் ஒரு வரி போட்டால், என் வக்கீல் நோட்டீசைவிட வேகமாக வேலை செய்யும்.

துணிக்கடை அக்கா, நேரலை அமைப்பில் சொற்களைத் தடை செய்யலாம். "சைஸ்" என்பதைத் தடுத்தால் ரவிக்கை அளவு கேட்பவரும் தடைபடுவார், ஆகவே வசைச் சொற்களை மட்டும் போடுங்கள். தமிழிலும், ஆங்கில எழுத்தில் எழுதும் தமிழிலும், இரண்டு விதமாகவும் சேர்க்க வேண்டும். நம்பிக்கையான ஒருவரை மட்டுறுத்துநராக வையுங்கள். நீங்கள் புடவையைப் பாருங்கள், அவர் கமெண்ட்டைப் பார்க்கட்டும்.

கேள்வி (பிறை, குழு அட்மின்): உறுப்பினர் எழுதியதற்கு நான் பொறுப்பா?

பதில்: ஆதாரச் சட்டம் 114ஏ, 2012இலிருந்து. உரிமையாளர், நிர்வாகி, பதிப்பாசிரியர் என்று யார் பெயர் இருக்கிறதோ அவரே வெளியிட்டதாகச் சட்டம் முதலில் கருதும். இல்லை என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். சிரிக்கும் முகம் போடுவதற்கு முன் இதை நினைத்துப் பாருங்கள்.

கேள்வி (ஆயர் ஈத்தாம்): பிளாக் செய்து எல்லாவற்றையும் அழித்த பிறகு...

பதில்: அழிக்காதீர்கள் என்று மூன்றாவது முறையாகச் சொல்கிறேன். மேலே படியுங்கள்.

கேள்வி (கோலாலம்பூர், அலுவலக ஊழியர்): மேலாளர் இரவில் அசிங்கமான படங்கள் அனுப்புகிறார். போலீஸ், வக்கீல் என்று செலவு செய்ய வழியில்லை.

பதில்: உங்களுக்குப் பாலியல் தொல்லை எதிர்ப்பு நடுவர் மன்றம் இருக்கிறது. 2022ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. அங்கே வக்கீல் வைத்து வாதாட வேண்டியதில்லை, நீங்களே பேசலாம். முதல் விசாரணையிலிருந்து 60 நாளுக்குள் தீர்ப்புச் சொல்ல வேண்டும், இழப்பீடு 250,000 வெள்ளி வரை போகலாம். போனில் அனுப்பிய படமும் சொல்லும் இதில் அடங்கும். படங்களை வைத்திருக்கிறீர்கள்தானே? எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 15999, அரசாங்கத்தின் உதவி எண்ணான தாலியான் காசே.

கேள்வி (ஜார்ஜ்டவுன், ஆண்): மேடம், எனக்கு ஒரு பெண் இப்படி அனுப்புகிறாள். நான் சொன்னால் சிரிப்பார்கள். ஆண்களுக்கு இது இல்லையா?

பதில்: உண்டு. நடுவர் மன்றத்துக்கு ஆணும் போகலாம், 507ஏ பிரிவிலும் ஆண், பெண் என்ற பேதமில்லை. காவல் நிலையத்தில் யாராவது சிரித்தால் மேலதிகாரியைக் கேளுங்கள், ரிப்போர்ட் எடுக்காமல் திரும்பாதீர்கள். செய்திகளை வரிசையாக அடுக்கி, "வேண்டாம்" என்று நீங்கள் சொன்ன செய்தியையும் சேர்த்துத் தனியாக எனக்கு அனுப்புங்கள். நாளை மதியம் பார்க்கிறேன்.