அறிவியல் புனைகதைப் படங்களின் ஆர்ட் புக்குகளைச் சிங்கப்பூரில் எப்படிப் பார்த்து வாங்குவது, வீட்டில் எப்படிக் கெடாமல் வைப்பது?

கேள்வியில் நீங்கள் சொன்னவை: மகள் பல்துறைத் தொழிற்கல்லூரியில் வடிவமைப்பு படிக்கிறாள், விண்வெளிப் படங்கள் என்றால் உயிர், கையில் 300 வெள்ளி இருக்கிறது, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, புத்தகங்களை ஸ்டோர் ரூமில் வைக்க எண்ணம்.

கடைசி விஷயத்தை முதலில் மாற்றிக்கொள்ளுங்கள், ஸ்டோர் ரூம் வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது. பணத்தைப் பொறுத்தவரை, பெரிய அளவு கெட்டி அட்டை ஆர்ட் புக் புதிதாக 60 முதல் 100 வெள்ளி வரை போகும். மூன்றுக்கு மேல் வாங்க வேண்டாம். 40 வெள்ளியையாவது ஈரப்பதத்தைச் சமாளிக்க ஒதுக்கி வையுங்கள்.

எந்தப் படம் பிடிக்கும் என்று பார்த்து வாங்குவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. படம் அருமையாக இருக்கும், புத்தகம் வெறும் விளம்பரப் படங்களின் தொகுப்பாக இருக்கும். கடையில் ஒரே தட்டில் அடுக்கியிருந்தாலும் படங்களைப் பற்றிய நூல்களில் பல வகை உண்டு.

ஆர்ட் புக் என்பது படம் எடுப்பதற்கு முன்பு வரைந்த ஓவியங்களின் தொகுப்பு. இதில் ஒரு சிக்கல் உண்டு. படம் வெளியாகும் வாரத்திலேயே புத்தகமும் கடைக்கு வர வேண்டும் என்றால், அது பல மாதங்களுக்கு முன்பே அச்சுக்குப் போயிருக்க வேண்டும். கடைசி மாதங்களில் மாறிய வடிவங்கள் அதில் இருக்காது. கதையின் முடிச்சைக் காட்டிக்கொடுக்கும் பக்கங்களை வேண்டுமென்றே எடுத்துவிடுவார்கள். தியேட்டர் வாசலில் விற்ற நம் பழைய பாட்டுப்புத்தகங்களில் கதைச்சுருக்கம் பாதியில் நின்று, ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடியும். வெளியீட்டு வாரத்து ஆர்ட் புக்கும் பல நேரம் அதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் வடிவமைப்பு படிப்பவருக்கு இந்த வகைதான் அதிகம் பயன்படும். ஒரே விண்கலத்துக்கு வரைந்து ஒதுக்கிய இருபது நிழலுருவங்கள் வரிசையாக இருக்கிற பக்கம், முடிந்துபோன ஒரு பளபளப்பான படத்தைவிட நூறு மடங்கு கற்றுக்கொடுக்கும். அப்படிப்பட்ட பக்கங்கள் எத்தனை என்று கடையிலேயே புரட்டி எண்ணிப் பாருங்கள். பத்துக்குக் குறைவாக இருந்தால் விட்டுவிடலாம்.

படம் உருவான வரலாற்றைச் சொல்லும் மேக்கிங் புக் வேறு. இது தாமதமாக வந்தால்தான் நல்லது. 1977இல் வந்த முதல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்துக்கு ஜே. டபிள்யூ. ரின்ஸ்லர் எழுதிய விரிவான வரலாறு 2007இல்தான் வந்தது. முப்பது ஆண்டு கழிந்ததால் பழைய ஆவணங்களையும் நேர்காணல்களையும் தாராளமாகக் கையாள முடிந்தது. படம் வெளியான ஆண்டையும் புத்தகத்தின் பதிப்பாண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தாலே உள்ளே என்ன இருக்கும் என்று பாதி தெரிந்துவிடும்.

விண்கலத்தை நெடுக வெட்டி உள்ளே இருக்கும் எஞ்சின், எரிபொருள் தொட்டி, படுக்கையறை எல்லாவற்றையும் பெயர் போட்டுக் காட்டும் குறுக்குவெட்டு நூல்கள் இன்னொரு வகை. 1998இல் டார்லிங் கிண்டர்ஸ்லி வெளியிட்ட ஸ்டார் வார்ஸ் குறுக்குவெட்டு நூலில் ஹான்ஸ் ஜென்சன், ரிச்சர்ட் சேஸ்மோர் இருவரும் வரைந்தவை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. திரையில் நாம் பார்த்தது கலத்தின் வெளிப்புறமும் ஓரிரு அறைகளும்தான். மற்றதெல்லாம் படம் முடிந்து ஆண்டுகள் கழித்து ஓவியர்கள் யோசித்து நிரப்பியவை. தோற்றக்கோட்டு (பெர்ஸ்பெக்டிவ்) ஓவியம் பழக இதைவிட நல்ல பாடநூல் கிடைக்காது. ஆனால் கல்லூரிப் பணியில் ‘படக்குழு இப்படித்தான் வடிவமைத்தது’ என்று இதை ஆதாரமாகக் காட்டக் கூடாது.

இன்னொரு வழியையும் யோசியுங்கள்: படத்தை விட்டுவிட்டு ஓவியரைப் பிடிப்பது. எச். ஆர். கீகரின் ‘நெக்ரோனமிகான்’ 1977இல் வந்தது. அதிலிருந்த ஓவியத்தைப் பார்த்துத்தான் இயக்குநர் ரிட்லி ஸ்காட் ‘ஏலியன்’ (1979) உயிரினத்தை அவரிடம் ஒப்படைத்தார். அங்கே புத்தகம் முந்தி, படம் பிந்தி. ‘பிளேட் ரன்னர்’ (1982) நகரத்தை வரைந்த சிட் மீட் ஃபோர்டு கார் நிறுவனத்தின் வடிவமைப்புப் பிரிவில் இருந்தவர். ஸ்டார் வார்ஸின் தொடக்க ஓவியங்களை வரைந்த ரால்ஃப் மெக்குவாரி போயிங்கில் தொழில்நுட்ப ஓவியராக இருந்தவர். இவர்களின் தனித் தொகுப்புகளில் ஓவியங்கள் பெரிதாகவும் மேலே எழுத்து ஏறாமலும் இருக்கும். கார், விமானம் வரைந்த கை கற்பனைக் கலத்தை எப்படி நம்பவைக்கிறது என்பதை உங்கள் மகள் அங்கே தெளிவாகப் பார்க்கலாம்.

இனி புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்க்கும் விதம். விண்வெளிப் படங்களின் நூல்களுக்கு என்றே ஒரு சோதனை இருக்கிறது: கறுப்பு வானத்தில் நட்சத்திரங்கள் உள்ள பக்கத்தைத் திறந்து, 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வழியாகவோ கைப்பேசியின் மேக்ரோ கேமராவாலோ ஒரு சின்ன நட்சத்திரத்தைப் பாருங்கள். அந்த வெள்ளைப் புள்ளி மையால் வருவதல்ல. நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு நிற அச்சுத் தகடுகளும் அந்த இடத்தை விட்டுவிட, வெறும் தாள் தெரிகிறது. நான்கும் சரியாகப் பொருந்தினால் புள்ளி சுத்தமான வெள்ளையாக இருக்கும். ஒரு தகடு கால் மில்லிமீட்டர் நகர்ந்திருந்தாலும் நட்சத்திரத்தின் ஒரு பக்கம் சிவப்பு, நீலம் போன்ற நிற விளிம்பு தெரியும். மிகச் சிறிய நட்சத்திரங்கள் அடைபட்டு மறைந்தே போகும். அடுத்து ஏதாவது இருட்டான உட்புறக் காட்சியைப் பாருங்கள். குழாய்களும் கம்பிகளும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். ஒரே கறுப்புக் குழம்பாக இருந்தால் மை அதிகம் ஏறிவிட்டது என்று பொருள். மலிவு மறுபதிப்புகளில் இது அடிக்கடி நடக்கும்.

பிறகு முதுகை மேலிருந்து பாருங்கள். தாள்கள் சின்னச் சின்ன மடிப்புக் கட்டுகளாகத் தெரிந்து, கட்டின் நடுவில் திறந்தால் நூல் தென்பட்டால் அது தைத்த கட்டு. எல்லாத் தாளும் தனித்தனியாக நேர்க்கோட்டில் வெட்டியிருந்தால் பசை மட்டும்தான். வழவழப்பான தாளில் பசை மேலே இருக்கும் களிமண் பூச்சைத்தான் பிடிக்கிறது, உள்ளிருக்கும் நாரை அல்ல. பூச்சு பிய்ந்தால் பக்கம் கையோடு வரும். 2 கிலோ புத்தகத்துக்குப் பசைக் கட்டு போதவே போதாது.

பழைய பிரதி என்றால் கொஞ்சம் கூடுதல் கவனம். விற்பவரிடம் நான்கு புகைப்படம் கேளுங்கள்: முதுகின் மேல்முனை, கடைசி உள்ளட்டையின் மூலை, பதிப்புரிமைப் பக்கம், நடுப்பக்கத்தில் திறந்த நிலை. பதிப்புரிமைப் பக்கத்தில் எண்களின் வரிசை இருந்தால், அதில் மிகச் சிறிய எண் எத்தனையாவது அச்சு என்பதைச் சொல்லும். உறைக்குள் செருகிய வரைபடம், அஞ்சலட்டை, மடிப்புத் தாள் உள்ள நூல்களில் ஒன்றாவது காணாமல் போயிருக்கலாம். பட்டியலை வைத்து எண்ணச் சொல்லுங்கள். நேரில் வாங்கும்போது மூக்கை நம்புங்கள். பூஞ்சை வாசனை வந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம், வீட்டிலுள்ள மற்ற புத்தகங்களுக்கும் தொற்றும்.

வாங்குவதற்கு முன் நூலகம். தேசிய நூலக வாரியத்தின் செயலியில் படத்தின் பெயரைவிட ஓவியரின் பெயரைத் தேடினால் அதிகம் கிடைக்கும். அலமாரியில் 791.43 என்ற எண்ணைத் தேடுங்கள், அது திரைப்படத்துக்கான பகுதி. இரவல் காலம் 21 நாள். ஒரு புத்தகத்தை மகள் மூன்று வாரத்தில் எத்தனை முறை எடுத்துப் பார்க்கிறாள் என்று கவனித்தாலே வாங்கலாமா என்பது தெரிந்துவிடும். விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் பிராஸ் பாசா காம்ப்ளக்ஸ். அங்கே கலை, வடிவமைப்பு நூல்களுக்கென்றே பஷீர் கிராஃபிக் புக்ஸ் இருக்கிறது, பழைய புத்தகக் கடைகளும் உண்டு. புதிய வெளியீடுகளுக்கு நீ ஆன் சிட்டியில் கினோகுனியா. இந்த மூன்றையும் ஒரே சனிக்கிழமையில் பார்த்துவிடலாம்.

வெளிநாட்டிலிருந்து தருவித்தால் கணக்கு இப்படி: 400 வெள்ளி வரையிலான பொருளுக்கு, பதிவு செய்த வெளிநாட்டு விற்பனையாளர் 9 விழுக்காடு பொருள் சேவை வரியை விற்கும்போதே சேர்த்துவிடுவார். அதற்கு மேல் போனால் இங்கே வந்திறங்கும்போது வரி கட்ட வேண்டும், கூரியர் நிறுவனம் தன் கையாளும் கட்டணத்தையும் சேர்க்கலாம். ஆகவே நண்பர்களோடு சேர்ந்து பெரிய பார்சலாக வாங்குவது எப்போதும் லாபம் இல்லை. பார்சலில் அடிபடுவது மூலைதான். நான்கு பக்கமும் இரண்டு விரற்கடை அளவு பஞ்சு அட்டை வைத்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

இப்போது ஸ்டோர் ரூம். புதிய வீவக வீடுகளில் அது பெரும்பாலும் கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவும் உள்ள ஷெல்டர், அதாவது அவசரகாலப் பாதுகாப்பு அறை. கதவைச் சாத்தினால் காற்று அசையாது. சிங்கப்பூரின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. 65ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றாலே பூஞ்சைக்குப் போதும். கூடத்தில், உட்சுவரை ஒட்டி, சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே 5 செ.மீ. இடைவெளி விட்டு வையுங்கள். குளியலறைச் சுவரும், மேற்கு வெயில் படும் இடமும் ஆகாது. வெயிலில் மஞ்சளும் சிவப்பும் முதலில் போய், அட்டை முழுக்க நீலம் பாய்ந்துவிடும்.

பத்துப் பதினைந்து வெள்ளிக்கு ஒரு டிஜிட்டல் ஈரப்பதமானி வாங்குங்கள். வாங்கியதும் அதைச் சோதியுங்கள்: ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்கு வரும் அளவு சில துளி தண்ணீர் விடுங்கள். கரைந்துவிடக் கூடாது. மூடியையும் மானியையும் ஒரு ஜிப் பைக்குள் வைத்து மூடி, ஓர் இரவு விடுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் உங்கள் மானி 5 குறைவாகச் சொல்கிறது, கூட்டிக்கொள்ளுங்கள். புத்தகத்துக்கு 45 முதல் 55 வரை நல்லது. 60க்குள் இருந்தாலும் பிழைத்துக்கொள்ளும்.

காற்றுப்புகாத பெட்டியில் வைப்பவர்கள் இரண்டு மூன்று சிலிக்கா ஜெல் பொட்டலத்தைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். தாளுக்குள்ளேயே தண்ணீர் இருக்கிறது. 20 கிலோ புத்தகத்திலிருந்து எடையில் 2 விழுக்காடு ஈரம் இறங்க வேண்டும் என்றாலே 400 கிராம் தண்ணீர். சிலிக்கா ஜெல் தன் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத்தான் உறிஞ்சும் என்று வைத்துக்கொண்டால் 2 கிலோ வேண்டும். 5 கிராம் பொட்டலம் 1 கிராம் தண்ணீரை எடுக்கும், அவ்வளவுதான். அதனால் முதலில் ஏர்கானை டிரை மோடில் ஓடவிட்ட அறையில் புத்தகங்களை இரண்டு மூன்று நாள் விரித்து நிறுத்தி உலர்த்துங்கள், பிறகு பெட்டியில் வையுங்கள். அப்போது அரைக் கிலோவே ஓரளவு காக்கும். கடைகளில் விற்கும், அடியில் தண்ணீர் சேரும் கால்சியம் குளோரைடு டப்பாவை மட்டும் புத்தகத்துக்கு மேல்தட்டில் வைக்காதீர்கள். கவிழ்ந்தால் அந்த உப்புநீர் காயவே காயாது, காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

புதுப் புத்தகத்தின் மேல் இறுக்கமாகச் சுற்றிவரும் பிளாஸ்டிக் உறையைப் பிரித்துவிடுங்கள். சேகரிப்பவர்கள் பலர் பிரிக்காமல் வைப்பார்கள். அந்த உறை நாளாக ஆகச் சுருங்கி அட்டையை வளைக்கும், உள்ளே ஈரத்தையும் அடைத்து வைக்கும். மேலுறைக்குப் பாதுகாப்பு வேண்டும் என்றால் ஒட்டாத பாலியெஸ்டர் உறை போடுங்கள். பள்ளிப் புத்தகத்துக்குப் போடும் பிவிசி உறை சில ஆண்டுகளில் பிசுபிசுத்து மையைப் பெயர்க்கும்.

எடையையும் பாருங்கள். 28க்கு 30 செ.மீ. அளவில் 240 பக்கம், 150 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 150 கிராம்) தாள் என்றால் தாள் மட்டுமே ஒன்றரைக் கிலோ, அட்டையோடு 2 கிலோவை நெருங்கும். பருமனோ 2 செ.மீ.தான். 80 செ.மீ. தட்டை முழுக்க நிரப்பினால் 75 கிலோவுக்கு மேல். சாதாரணத் துகள்பலகைத் தட்டு 30 கிலோ தாங்கினால் பெரிது. அகலவாக்கில் நீண்ட புத்தகங்களை நிற்கவைக்காமல் படுக்கவையுங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக மூன்றுக்கு மேல் வேண்டாம். நிற்கவைத்தால் தாள்களின் கனம் முதுகிலிருந்து தொங்கி, முன்பக்கம் சரிந்து, கட்டு கிழியும்.

ராமபாணப் பூச்சி தென்பட்டால் மருந்து அடிக்காதீர்கள். புத்தகத்தைப் பையில் காற்றில்லாமல் மூடி, மைனஸ் 18 டிகிரி ஃபிரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் வெளியே விட்டால், நீர்த்துளி பையின் வெளிப்புறத்திலேயே நிற்கும்.

ஜன்னல் வழியே மழை அடித்தோ, ஏர்கான் ஒழுகியோ நனைந்துவிட்டால் நேரம்தான் எல்லாம். வழவழத் தாளின் பூச்சு நனைந்தால் கூழாகும். அது காயும்போது பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல் மாதிரி ஆகிவிடும், பிறகு யாராலும் பிரிக்க முடியாது. ஆறு மணி நேரத்துக்குள் ஏதாவது செய்ய வேண்டும். ஐந்தாறு பக்கம் மட்டும் நனைந்திருந்தால், ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவே மெழுகுத் தாளைச் செருகி, விசிறி மாதிரி விரித்து ஃபேன் காற்றில் நிறுத்துங்கள். வெயிலும் ஹேர் டிரையரும் வேண்டாம். முழுப் புத்தகமும் நனைந்திருந்தால் பக்கங்களைப் பிரிக்கவே முயலாமல், மெழுகுத் தாளில் சுற்றி அப்படியே ஃபிரீசரில் வைத்துவிடுங்கள். உறைந்த நிலையில் ஒட்டாது. பனி கட்டாத வகை ஃபிரீசர் என்றால் வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில், அதுவே மெல்ல உலர்ந்துவிடும். அவசரம் இல்லாமல் அதை அங்கேயே விட்டுவிடுங்கள்.