ஒளி பட்டால் இறுகும் ஜெல்லால் எலும்பைச் சேர்க்க முடியுமாமே? அம்மாவுக்கு போன் கிராஃப்ட் (வேறிடத்திலிருந்து எலும்பை எடுத்து முறிவில் வைப்பது) செய்யச் சொல்கிறார்கள். இதற்காகக் காத்திருக்கலாமா?

தயவுசெய்து காத்திருக்க வேண்டாம். இந்த ஜெல் இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்திலும் விலங்குச் சோதனையிலும்தான் இருக்கிறது.

நான் கோத்தகிரிக்காரன். என் அம்மா மழை நாளில் கொழுந்து பறிக்கப் போய்ச் சறுக்கி விழுந்தார். கணைக்கால் எலும்பு கணுக்காலுக்குச் சற்று மேலே முறிந்தது. கோவைக்குக் கொண்டுபோய் எலும்புக்குள் ராடு (உலோகக் கம்பி) வைத்தோம். 9 மாதம் கழித்தும் எக்ஸ்ரேயில் இடைவெளி அப்படியே இருந்தது. அந்த இடத்தில் சதை குறைவு, ரத்த ஓட்டமும் குறைவு, அதனால் எலும்பு சேரத் தாமதமாகும் என்றார் டாக்டர். பிறகு இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து முறிவில் வைத்தார்கள். கால் சேர்ந்துவிட்டது. ஆனால் "கால் பரவால்லப்பா, எடுத்த இடம்தான் உயிர் போகுது" என்று அம்மா பல மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். அதனால்தான் இந்த ஜெல்லைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். அந்த இரண்டாவது காயமே இல்லாமல் செய்ய முடியுமா என்பதுதான் இதில் எனக்குப் பெரிய விஷயம்.

பல் அடைக்கும்போது டாக்டர் நீல விளக்கைக் காட்டியதும் பசை கல்லாகிறதே, அடிப்படை அதுதான். ஜெலட்டின் போன்ற பொருளின் மூலக்கூறுகளில் வேதிக் கொக்கிகளைப் பொருத்துகிறார்கள். கூடவே ஒளி பட்டால் வேலையைத் தொடங்கும் ஒரு பொருளைக் கலக்கிறார்கள். ஊசியால் செலுத்தும்போது கூழாக இருப்பதால் முறிவின் இண்டு இடுக்கெல்லாம் போய் நிரம்பும். ஒளி பட்டதும் கொக்கிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு அங்கேயே உறைந்துவிடும். பிறகு எலும்புச் செல்கள் அதற்குள் குடியேறிப் புது எலும்பைக் கட்டக் கட்ட, ஜெல் மெல்லக் கரைய வேண்டும். அதாவது இது வெறும் பசை அல்ல, சாரம். கட்டடம் எழும்பும்வரைதான் அதற்கு வேலை.

ரத்தம் கசியும் இடத்தில் எதுவும் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போவது பெரிய தொல்லை. தென்கொரியாவின் போஹாங் பல்கலைக்கழகத்தில் இதற்குக் கடல் சிப்பியிடம் போயிருக்கிறார்கள். அலையடிக்கும் ஈரப் பாறையில் சிப்பி ஒட்டிக்கொள்ளும் புரதத்தைக் கடற்பாசியிலிருந்து வரும் ஆல்ஜினேட்டோடு சேர்த்து, கண்ணுக்குத் தெரியும் ஒளியிலேயே இறுகச் செய்திருக்கிறார்கள். புற ஊதா ஒளி செல்களைக் கெடுக்கும் என்பதால் இது முக்கியமான முன்னேற்றம். படித்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

ஆனால் ஜெல்லின் பெரும்பகுதி தண்ணீர். உடல் எடையை அது தாங்காது, ராடோ பிளேட்டோ எப்படியும் வேண்டும். நீல ஒளி சதைக்குள் ஆழமாகவும் போகாது, காயம் திறந்திருக்கும்போதே காட்ட வேண்டும்.

உங்கள் டாக்டரிடம் இதைக் கேளுங்கள்: இடுப்பிலிருந்து எவ்வளவு எடுக்கப் போகிறார்கள், எலும்பின் தாதுவை ஒத்த கால்சியம் பாஸ்பேட் துகள்களைக் கலந்து அந்த அளவைக் குறைக்க முடியுமா? நாங்கள் கேட்கத் தெரியாமல் விட்டுவிட்டோம். உங்கள் அம்மா வெற்றிலையோடு புகையிலை போடுபவர் என்றால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். நிக்கோட்டின் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும்.