ஒன்பதாம் வகுப்பு மகளை ஹோம்கமிங் நடனத்துக்கு அனுப்பலாமா?

கேள்வி: வணக்கம் மேடம். நாங்கள் டல்லாஸ் புறநகரில் இருக்கிறோம். மகள் இந்த வருடம்தான் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தாள். மூன்று வாரத்தில் பள்ளியில் ஹோம்கமிங். டிரெஸ், மம் என்கிற பூ அலங்காரம், குரூப் டின்னர் என்று தினமும் ஏதாவது கேட்கிறாள். எட்டாம் வகுப்பு வரை கூடவே இருந்த தோழிகள் தனி குரூப் சேர்ந்துகொண்டு இவளை விட்டுவிட்டார்கள். "என் டிரெஸ்ஸிங் அவங்களுக்குப் பிடிக்கலம்மா" என்று இரண்டு நாளாக அழுகிறாள். வீட்டுக்காரர், "பதினாலு வயசுல என்ன டான்ஸ்?" என்கிறார். அனுப்பலாமா, வேண்டாமா?

பதில்: அவளுக்குப் போக ஆசை இருந்தால் அனுப்புங்கள். டெக்சாஸ் உயர்நிலைப் பள்ளிகளில் பல வருடமாக மாணவர் ஆலோசகராக இருக்கிறேன். செப்டம்பர் பிறந்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் அறைக்கு வரும் பிள்ளைகள் அதிகமாகிவிடுவார்கள். நடனத்தை நினைத்து அழுகிறவர்கள் அவர்களில் மிகக் குறைவு. யாரோடு நின்று போட்டோ எடுப்பது, எந்த குரூப்போடு சாப்பிடப் போவது என்பதற்குத்தான் அத்தனை கண்ணீரும். உங்கள் மகளின் பிரச்சினையும் அதுதான். அதனால் டிரெஸ், டான்ஸ் பற்றிய விவாதத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு குரூப்பைக் கவனியுங்கள்.

முதலில் அவளுடைய அப்பாவுக்கு ஒரு விளக்கம். ஹோம்கமிங் ஜோடி சேரும் விழா அல்ல. பழைய மாணவர்கள் படித்த இடத்துக்குத் திரும்பி வரும் நாளாகக் கல்லூரிகளில் தொடங்கியது. 1911ல் மிசௌரி பல்கலைக்கழகத்தில் நடந்ததுதான் முதல் ஹோம்கமிங் என்று பலர் சொல்வார்கள். 1909லேயே டெக்சாஸின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் நடந்துவிட்டது என்பது டெக்சாஸ்காரர்கள் வாதம். இன்றைய பள்ளிகளில் வாரம் முழுக்க ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வேஷம், வெள்ளிக்கிழமை இரவு அமெரிக்க ஃபுட்பால், பெரும்பாலும் சனிக்கிழமை நடனம். பிராம் வேறு. அது வசந்த காலத்தில், பெரிய வகுப்புகளுக்கு, தரையைத் தொடும் கவுனோடு நடப்பது. ஹோம்கமிங்குக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு வகுப்பும் வரலாம், முழங்கால் அளவு டிரெஸ் போதும்.

நடனம் பெரும்பாலும் பள்ளி ஜிம்மிலோ கேஃபடீரியாவிலோதான். வாசலில் ஐடி பார்ப்பார்கள், சுற்றிலும் ஆசிரியர்கள் நிற்போம். பல பள்ளிகளில் ஒருமுறை வெளியே போனால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள். ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் அங்கே செய்வதெல்லாம் வட்டமாக நின்று பாட்டுக்குக் குதிப்பதுதான். அரை மணி நேரத்தில் ஹீல்ஸ் கால் வலிக்கும். கோயில் வாசல் மாதிரி ஜிம் சுவரோரம் செருப்புகள் குவிந்து கிடக்கும், எல்லாரும் சாக்ஸோடு ஆடிக்கொண்டிருப்பார்கள். வீட்டுக்காரர் மனதில் இருக்கும் காட்சி வேறாக இருக்கலாம்.

சரி, குரூப்புக்கு வருவோம். 1963ல் டெக்ஸ்டர் டன்பி என்ற சமூகவியலாளர் சிட்னி நகர இளைஞர்களைக் கவனித்து ஒரு வரிசையை எழுதினார். முதலில் பெண்கள் தனியாக, பையன்கள் தனியாகச் சின்னச் சின்னக் கூட்டமாக இருப்பார்கள். பிறகு ஒரு பெண்கள் கூட்டமும் ஒரு பையன்கள் கூட்டமும் பக்கத்தில் பக்கத்தில் புழங்கும். அப்புறம் கலந்த கூட்டம், கடைசியில்தான் ஜோடிகள். பதினாலு வயதில் பிள்ளைகள் இந்த வரிசையின் ஆரம்பத்தில்தான் நிற்கிறார்கள். குரூப்பாகப் போவது அந்த வயதுக்கு இயல்பு. குரூப் கைவிட்டால் உலகமே கைவிட்டதுபோல் தோன்றுவதும் அந்த வயதுக்கு இயல்புதான். "இதுக்குப் போய் அழுவாங்களா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

தோழிகள் விலகியதற்கு உடைதான் காரணம் என்று அவள் சொல்கிறாள். இருக்கலாம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் எழுதப்படாத ஒரு சீருடை உண்டு. லுலுலெமன் லெக்கிங்ஸ் இருந்தால்தான் ஒரு மேசையில் இடம், பெரிய சைஸ் ஹூடி போட்டவர்கள் வேறு மேசை. கையில் வைத்திருக்கும் ஸ்டான்லி டம்ளரின் நிறம்கூட ஒரு சமயம் கணக்கில் வந்தது. இதையெல்லாம் வாங்கிக் கொடுத்து ஒரு பிள்ளையை உள்ளே சேர்த்துவிட முடிந்ததாக நான் பார்த்ததில்லை. நீங்கள் வாங்கி முடிக்கும்போது அடையாளம் வேறு பொருளுக்கு மாறியிருக்கும்.

நான் முதலில் கேட்கும் கேள்வி வேறு. அவளுக்கு எந்த லஞ்ச்? பெரிய பள்ளிகளில் மதிய உணவு ஏ, பி, சி என்று வேறு வேறு நேரமாகப் பிரிந்திருக்கும். அந்தத் தோழிகளுக்கு பி, உங்கள் மகளுக்கு மட்டும் சி என்றால், தினமும் முப்பது நிமிடம் அவர்கள் பேசிச் சிரிப்பது எதிலும் இவள் இருக்கமாட்டாள். ஒரு மாதத்தில் நட்பு தானாகத் தளர்ந்துவிடும். யாரும் திட்டம் போட்டு இவளை விலக்கியிருக்க வேண்டியதில்லை. அவளோடு உட்கார்ந்து இதை யோசித்துப் பாருங்கள். "என்னிடம் ஏதோ குறை" என்ற எண்ணம் கொஞ்சமாவது தணியும்.

அடுத்தது, அதே சி லஞ்சில், அல்லது ஆர்கெஸ்ட்ரா, பேண்ட், டென்னிஸ், தியேட்டர் என்று அவள் இருக்கும் இடத்தில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு வேலையைச் சேர்ந்து செய்யும் கூட்டத்தில் புதிதாக ஒருவர் நுழைவது எளிது. முழு குரூப்பிடம் கேட்க வேண்டாம். ஒரே ஒருத்தியிடம், நேரில், "நீ யாரோட போற? நானும் சேர்ந்துக்கட்டுமா?" என்று கேட்கச் சொல்லுங்கள். நான் பார்த்தவரை, குரூப் சாட்டில் கேட்டால் பதிலே வராத கேள்விக்கு, லாக்கர் பக்கத்தில் நின்று கேட்டால் சரி என்று பதில் வந்துவிடும்.

நம் அம்மாக்கள் செய்யும் ஒரு தவறு உண்டு, சொல்லியே ஆகவேண்டும். அந்தப் பழைய தோழிகளின் அம்மாக்களை அழைத்து, "எங்க பொண்ணையும் சேர்த்துக்கச் சொல்லுங்க" என்று கேட்காதீர்கள். அம்மா சொல்லிச் சேர்த்த பிள்ளை போட்டோவின் ஓரத்தில்தான் நிற்கும். ஆனால் கேலி, மிரட்டல், அவளைப் பற்றிய ஸ்கிரீன்ஷாட் என்று ஏதாவது இருந்தால் கதை வேறு. டெக்சாஸில் 2017ல் வந்த டேவிட் சட்டப்படி இணையவழித் தொல்லையும் பள்ளியின் பொறுப்பில் வருகிறது. ஆதாரத்தை எடுத்துவைத்துக்கொண்டு உடனே பள்ளி ஆலோசகரைப் பாருங்கள்.

மம் விஷயம். அது நம் சாமந்திப்பூதான். ஒரு காலத்தில் சட்டையில் குத்தும் ஒற்றைப் பூவாக இருந்தது. டெக்சாஸில் வளர்ந்து வளர்ந்து, துணிப்பூவைச் சுற்றி ரிப்பன், மணி, டெடி பொம்மை, விளக்கு என்று கழுத்தில் மாட்டி முழங்காலுக்குக் கீழே தொங்கும் அளவுக்கு வந்துவிட்டது. பையன்கள் அதன் சின்ன வடிவத்தைக் கையில் கட்டுவார்கள். வெள்ளிக்கிழமை வகுப்புக்கே மாட்டிக்கொண்டு வருவார்கள், தாழ்வாரம் முழுக்க மணிச் சத்தம் கேட்கும். நடனத்துக்கு அது தேவையில்லை, கட்டாயமும் இல்லை. ஆசைப்பட்டால் ஹாபி லாபி, மைக்கேல்ஸ் கடைகளில் சாமான் வாங்கி, ஹாட் க்ளூவை வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே செய்யலாம். பூத்தொடுக்கத் தெரிந்த பாட்டி வந்திருந்தால் இன்னும் நல்லது. செய்து கொடுக்க ஆர்டர் கொடுத்தால் நூற்றுக்கணக்கான டாலர் வரை போகும். முதல் வருடத்துக்கு அது வேண்டாம்.

நடனம் புரட்டாசிச் சனிக்கிழமையில் வந்தால், உங்கள் வீட்டில் அன்று அசைவம் இல்லை என்றால், குரூப் ஹோட்டல் முடிவாகும் முன்பே அவள் சொல்லிவிடட்டும். கடைசி நேரத்தில் ஸ்டேக் கடையில் உட்கார்ந்து வெறும் சாலட் சாப்பிட்ட பிள்ளைகள் என்னிடம் வந்து சொல்லியிருக்கிறார்கள். அன்று மாலை கொலு வேறு இருந்தால், போட்டோவுக்கு முன் குரூப்பையே வீட்டுக்கு அழையுங்கள். சுண்டல் கிண்ணம் பத்து நிமிடத்தில் காலியாகும்.

நீங்கள் கண்டிப்பாக இருக்க வேண்டிய இடம் கார்தான். இவள் வயதுப் பிள்ளைகளுக்கு லைசென்ஸ் இருக்காது, அதனால் பெரிய வகுப்புப் பிள்ளை யாராவது ஓட்டுவதாகப் பேச்சு வரும். டெக்சாஸில் 18 வயதாகாதவர்கள் லைசென்ஸ் எடுத்த முதல் 12 மாதம், குடும்பத்துக்கு வெளியே 21 வயதுக்குட்பட்ட ஒருவரைத்தான் ஏற்றலாம். வேலை, பள்ளி நிகழ்ச்சி, அவசரம் தவிர நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை ஓட்டவும் கூடாது. ஆறு பேர் ஒரே காரில் என்றால் அங்கேயே மறுத்துவிடுங்கள். நடனம் முடிந்து யார் வீட்டுக்காவது போவதாக இருந்தால், அந்த வீட்டுப் பெரியவரிடம் நீங்களே போனில் பேசுங்கள். 21 வயதாகாத பிறர் பிள்ளைக்கு மது கொடுக்கும் பெரியவருக்கு இங்கே 4,000 டாலர் வரை அபராதமும் ஒரு வருடம் வரை சிறையும் உண்டு. இதைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

கிளம்பும் முன் அவளோடு ஒரு ரகசிய வார்த்தை பேசிவைத்துக்கொள்ளுங்கள். அந்த வார்த்தை மெசேஜில் வந்தால் ஒரு கேள்வியும் கேட்காமல் போய்க் கூட்டி வரவேண்டும். "அம்மா வரச் சொல்லிட்டாங்க" என்று பழியை உங்கள் மேல் போட்டுக்கொள்ள அவளுக்கு அனுமதியும் கொடுங்கள். முடியும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே அவளுடைய அப்பா பார்க்கிங்கில் காரோடு நிற்கட்டும், ஆனால் ஜிம் வாசலுக்கு வரவேண்டாம். வரும் வழியில் அவளாகப் பேசினால் கேளுங்கள். காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டால் தூங்கட்டும்.