பாத்திரம் ஆடியது, பயப்படலாமா? நில அதிர்வு பற்றிக் கேள்வி பதில்

நிலவியல் வாத்தியாராக முப்பது வருடம் ஓட்டியவன் என்பதால், எங்கே தரை லேசாக ஆடினாலும் எனக்குத்தான் முதலில் போன் வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால்தான் கேள்விகளை மொத்தமாக அனுப்பச் சொன்னேன். ஜப்பானும் இமயமலையும் இங்கே வேண்டாம். ஆடவே ஆடாது என்று நாம் நம்பிக்கொண்டிருக்கும் தெற்கை மட்டும் பார்ப்போம்.

ரேவதி, குடியாத்தம்: சார், 2021 நவம்பர் 29 அதிகாலையில் எங்கள் பக்கம் பாத்திரமெல்லாம் கடகடவென்று ஆடியது. 3.6 என்று செய்தியில் சொன்னார்கள். தென்னிந்தியா உறுதியான பாறை, இங்கே நிலநடுக்கம் வராது என்றுதானே பள்ளியில் படித்தோம்?

பாடப்புத்தகம் பாதி சரி, அம்மா. உறுதியான பாறைதான். ஆனால் அந்தப் பாறை சும்மா கிடக்கவில்லை. இந்தியத் தட்டு வருடத்துக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடக்கே நகர்ந்து ஆசியாவை முட்டிக்கொண்டிருக்கிறது. முட்டுவது இமயமலையில் என்றாலும், அந்த அழுத்தம் தட்டு முழுக்கப் பரவும். மாட்டு வண்டியின் சக்கரம் கல்லில் இடித்தால் பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்கும் குலுங்குகிறதே, அப்படி.

நம் பாறைகளுக்கு வயது 250 கோடி வருடத்துக்கும் மேல். அத்தனை காலத்தில் எத்தனையோ முறை உடைந்து, ஒட்டி, மறுபடி உடைந்தவை. அந்தப் பழைய பிளவுகளில் எங்காவது ஒன்று அழுத்தம் தாங்காமல் கொஞ்சம் நழுவும். அதுதான் நீங்கள் கேட்ட கடகட. நம்மிடம் அடிக்கடி வராது, அவ்வளவுதான். வரவே வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. 1900 பிப்ரவரி 8 அதிகாலையில் கோயம்புத்தூர் பக்கம் வந்தது ஏறக்குறைய 6 அளவு. தென்னிந்தியாவில் பெரும்பகுதி அதை உணர்ந்தது. இன்று அதே கோவையில் நிற்கும் அடுக்குமாடிகளை எண்ணிப் பாருங்கள்.

பெயர் வேண்டாம், ஆம்பூர்: முதலில் "டம்" என்று வெடிச்சத்தம், அப்புறம்தான் ஆட்டம். சத்தம் எப்படி முதலில் வந்தது?

பாறை நழுவும்போது இரண்டு வகை அலை கிளம்புகிறது. முதலாவது, தள்ளித் தள்ளி ஓடும் பி அலை. அதுதான் வேகமானது. அது தரையை எட்டும்போது நிலமே ஒரு பெரிய ஒலிபெருக்கியின் சவ்வு மாதிரி காற்றை உதைக்கிறது. நம் ஊர் கெட்டியான பாறை அந்தக் கூர்மையான அதிர்வை மழுக்காமல் கொண்டு வருவதால் சத்தம் காதில் விழுகிறது. பக்கவாட்டில் ஆட்டும் எஸ் அலை பின்னால் மெதுவாக வரும்.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணுவீர்கள் அல்லவா? அதே வித்தை இங்கேயும் உண்டு. "டம்" கேட்டதிலிருந்து ஆட்டம் தொடங்கும்வரை ஒவ்வொரு விநாடிக்கும் சுமார் 8 கிலோமீட்டர் என்று கணக்கு. இரண்டு விநாடி என்றால் நழுவிய இடம் உங்களிடமிருந்து 16 கிலோமீட்டர் தூரத்தில். ஆழமும் அதில் அடக்கம். சத்தமும் ஆட்டமும் ஒன்றாக வந்தால் கிட்டத்தட்ட உங்கள் காலடியில்தான்.

2020 அக்டோபரில் ஹைதராபாத் போரபண்டாவில் மக்கள் ராத்திரி தெருவில் வந்து நின்றதும் இந்தச் சத்தத்தால்தான். நடுக்கம் மிகச் சிறியது, சத்தம்தான் பெரிது. மகாராஷ்டிராவில் பால்கர் பக்கம் 2018 நவம்பரில் தொடங்கி மாதக்கணக்கில் இப்படிக் கொத்துக் கொத்தாக வந்தது.

சரவணன், கிருஷ்ணகிரி: எங்கள் ஊரில் எல்லாம் குவாரி வெடிதான், நிலநடுக்கம் என்று சொல்லி மூடி மறைக்கிறார்கள் என்கிறார்கள். எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

தம்பி, சந்தேகம் நியாயமானது. உங்கள் பக்கம் கிரானைட் குவாரி எவ்வளவு என்று எனக்கும் தெரியும். ஆனால் நிலநடுக்கமானியை ஏமாற்றுவது கஷ்டம். வெடி எல்லாப் பக்கமும் வெளியே தள்ளும். அதனால் சுற்றியுள்ள எல்லா நிலையங்களிலும் முதல் கோடு மேல்நோக்கித்தான் எழும். பிளவு நழுவினால் ஒரு பக்கம் தள்ளும், மறுபக்கம் இழுக்கும். சில நிலையத்தில் கோடு மேலே, சிலவற்றில் கீழே. இது போக, வெடி வைப்பவர்கள் பகலில், வேலை நேரத்தில் வைப்பார்கள். விடிகாலை நாலு மணிக்கு வந்தால் குவாரிக்காரரை விட்டுவிடலாம்.

ஒரே சிக்கல், நம் பக்கம் நிலையங்கள் இடைவெளி விட்டு இருப்பதால் சின்ன அதிர்வுக்கு மையம் சில கிலோமீட்டர் தள்ளிக்கூடக் காட்டும். ஆழம் "10 கிலோமீட்டர்" என்று போட்டிருந்தால் அதையும் அப்படியே நம்ப வேண்டாம். ஆழத்தைச் சரியாகக் கணிக்க முடியாதபோது பல மையங்கள் வழக்கமாக வைத்துக்கொள்ளும் எண் அது.

மணிமேகலை, சேலம்: சின்னச் சின்னதாக வந்தால் அழுத்தம் வெளியேறிவிடும், பெரிதாக வராது என்கிறார் என் கணவர். சரியா?

அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், படித்தவர்களே இப்படித்தான் சொல்கிறார்கள். கணக்குப் போட்டால் உடைந்துவிடும். அளவு ஒன்று கூடினால் சக்தி சுமார் 32 மடங்கு கூடும். மகாராஷ்டிராவின் லாத்தூரில் 1993-ல் வந்தது 6.2. அந்தச் சக்தியை 3.5 அளவு அதிர்வுகளாகப் பிரித்து வெளியேற்ற வேண்டுமானால் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவை வேண்டும். தினம் ஒன்று வந்தாலும் முப்பது வருடம் ஆகும்.

லாத்தூர் என்றதும் எனக்கு எப்போதும் உறுத்துவது வேறொன்று. 1992-லேயே கில்லாரி கிராமத்துப் பக்கம் சின்ன அதிர்வுகள் வந்தன. 4 அளவுகூட வந்தது. அப்புறம் அடங்கிவிட்டது. ஒரு வருடம் கழித்து, 1993 செப்டம்பர் 30, கணபதியைக் கரைத்துவிட்டு வந்து ஜனங்கள் அசந்து தூங்கிய ராத்திரி. விடியற்காலை 3.56. சுமார் 10,000 பேர் போனார்கள். அன்றைய நில அதிர்வு வரைபடத்தில் அந்த இடம் ஆபத்து மிகக் குறைந்த மண்டலம். மண் சாந்தில் அடுக்கிய தடித்த கல் சுவர், மேலே வெயிலுக்காகப் போட்ட கனத்த மண் கூரை. கொன்றது அந்தக் கூரைதான்.

அப்படியானால் ஒவ்வொரு சின்ன அதிர்வும் முன்னறிவிப்பா என்றால், அதுவும் இல்லை. நூற்றுக்கணக்கான கொத்துகள் வந்து ஒன்றுமில்லாமல் ஓய்ந்திருக்கின்றன. முன்கூட்டியே பார்த்து, "இது சும்மா, இது பெரியதற்கு முன்னோடி" என்று பிரிக்கும் வழி இன்றுவரை யாருக்கும் கிடையாது.

தர்ஷினி, கண்டி: ஐயா, 2020-இல் திகனப் பக்கம் நில அதிர்வு வந்தபோது சனம் நல்லாப் பயந்து போச்சுது. விக்டோரியா நீர்த்தேக்கம் காரணமாக இருக்குமா? மேட்டூர், முல்லைப் பெரியாறு பற்றியும் சொல்லுங்கோ.

பிள்ளை, திகனவில் அந்த ஆகஸ்டில் தொடங்கி டிசம்பர் வரை வந்தவை எல்லாம் மிகச் சிறியவை. அங்கேயும் முதலில் கல்லுடைப்பு வெடியா, சுண்ணாம்புப் பாறையா, நீர்த்தேக்கமா என்று ஆளுக்கொரு பேச்சு. புவிச்சரிதவியல் பணியகத்தார் இறங்கிப் பார்த்தார்கள். பக்கத்தில் பல்லேகலையில் நிலையம் இருந்ததால்தான் அவ்வளவு சிறியவையும் பதிவாகின.

நீர்த்தேக்கம் நிலத்தை ஆட்டுமா? ஆட்டும். உலகத்துக்கே உதாரணம் மகாராஷ்டிராவின் கொய்னா. 1962-ல் தண்ணீர் தேக்கத் தொடங்கினார்கள், சின்ன அதிர்வுகள் ஆரம்பித்தன. 1967 டிசம்பர் 11 அன்று 6.3. சுமார் 180 பேர் இறந்தார்கள். தண்ணீரின் பாரம்தான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். பாரத்தை விட, இறங்கும் தண்ணீர்தான் பெரிய ஆள். ஈர மேடையில் சூடான டம்ளரைக் கவிழ்த்து வைத்தால் யாரும் தொடாமலே வழுக்கிக்கொண்டு போகும், பார்த்திருப்பீர்கள். உள்ளே இருக்கும் காற்று சூடாகி விரிந்து டம்ளரை மயிரிழை தூக்கிவிடுகிறது, உராய்வு போய்விடுகிறது. பிளவுக்குள் இறங்கிய நீர் செய்வதும் அதுதான். ஏற்கெனவே நழுவும் நிலையில் இருந்த பாறைக்கு அது ஒரு சாக்கு. கொய்னாவில் இன்றும் ஓயவில்லை. ஆராய்ச்சிக்காக 3 கிலோமீட்டர் ஆழம்வரை துளைபோட்டுப் பார்த்துவிட்டார்கள்.

ஆனால் எல்லா அணையும் கொய்னா இல்லை. கீழே அழுத்தம் ஏறிய பிளவு இருந்தால்தான் இந்த வேலை நடக்கும். மேட்டூர் 1934-லிருந்து நிற்கிறது, கொய்னா மாதிரி எதுவும் அங்கே நடக்கவில்லை. முல்லைப் பெரியாறு பற்றிக் கேட்டால் பாதி கேள்வி அரசியல். இடுக்கி மாவட்டத்தில் 2000 டிசம்பர் 12 அன்று 5 அளவில் அதிர்ந்தது உண்மை. அணையை 1980-களில் கான்கிரீட் போட்டு, கம்பி வடம் இறக்கி வலுப்படுத்தியதும் உண்மை. உச்ச நீதிமன்றம் அமைத்த குழு நிலநடுக்கத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் பாதுகாப்பானது என்றது. 2014-ல் 142 அடி வரை தண்ணீர் தேக்க அனுமதி வந்தது. மீதியைத் தேர்தல் மேடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

விக்னேஷ், வேளச்சேரி: 2012-ல் சுமத்ராவில் வந்ததற்கு எங்கள் ஒன்பதாவது மாடி ஆடியது. தரைத்தளத்து வாட்ச்மேன் "ஒண்ணுமே தெரியலையே சார்" என்றார். யார் பொய்?

இருவருமே உண்மை. 2012 ஏப்ரல் 11 அன்று வந்தது 8.6. அவ்வளவு தூரம் வரும்போது குறுகிய, வெடுக்கென்ற அதிர்வுகள் வழியிலேயே செத்துவிடும். நீண்டு நிதானமாக ஆடும் அலைகள் மட்டும் வந்து சேரும். உயரமான கட்டடம் தானும் நிதானமாகத்தான் ஆடும். இரண்டின் தாளமும் ஒத்துப்போனால் ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போல ஆட்டம் கூடும். வேளச்சேரி களிமண் அதற்கு இன்னும் உதவும். அடியில் பாறையான பரங்கிமலையில் இவ்வளவு இருக்காது. 2025 மார்ச்சில் மியான்மர் நடுக்கத்துக்கு சுமார் 1000 கிலோமீட்டர் தள்ளி பாங்காக்கில் கட்டிக்கொண்டிருந்த கோபுரம் சரிந்ததே, அங்கேயும் களிமண்தான் ஆட்டத்தைக் கூட்டியது.

சென்னைக்குப் பக்கத்திலும் வராமல் இல்லை. 2001 செப்டம்பர் 25 ராத்திரி எட்டரைக்குக் கொஞ்சம் முன்னால் நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். முதலில் சமையலறை அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தன. நிமிர்ந்தால் ஓடாத மின்விசிறி ஆடுகிறது. முப்பது வருடம் பாடம் எடுத்தவன் மேசைக்கு அடியில் போகவில்லை, மடையன் மாதிரி விசிறியையே பார்த்துக்கொண்டு நின்றேன். புதுச்சேரிக் கடலுக்குள் 5.5. அடுத்த வருடமே நில அதிர்வு வரைபடத்தைத் திருத்திச் சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏற்றினார்கள்.

அதே விக்னேஷ்: அப்படியானால் எங்கள் அடுக்குமாடி தாங்குமா?

அதை நான் இங்கிருந்து சொன்னால் ஏமாற்று வேலை. ஒன்று மட்டும் பாருங்கள். கீழ்த்தளம் முழுக்கக் கார் நிறுத்தத் திறந்து விட்டு, வெறும் தூண் மேல் கட்டடம் நிற்கிறதா? மேலே எல்லா மாடியிலும் சுவர் இருக்கும், விறைப்பாக இருக்கும். கீழே மட்டும் தொளதொள. ஆடும்போது மொத்த ஆட்டமும் அந்தத் தூண்களின் தலையில் விழும். 2001-ல் குஜராத்தின் பூஜ் நடுக்கத்தின்போது மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில் விழுந்த அடுக்குமாடிகளில் பல இப்படிப்பட்டவைதான். சங்கக் கூட்டத்தில் லிஃப்ட் சண்டையை ஒரு மாதம் தள்ளிவைத்துவிட்டு, ஒரு கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிட்டு வரைபடத்தையும் தூண்களையும் காட்டுங்கள். நல்ல காலத்தில் செய்தால் வலுப்படுத்தும் செலவு தாங்கக்கூடியதுதான்.

ஃபாத்திமா, வாணியம்பாடி: என் போனில் எச்சரிக்கை ஏன் வரவில்லை?

2021-ல் இந்தியாவில் ஆண்ட்ராய்டு எச்சரிக்கையே கிடையாது, 2023-ல்தான் வந்தது. இருந்திருந்தாலும் 4.5-க்கு மேல் என்றால்தான் அது வரும். உங்களுடையது அதற்கும் கீழே. தவிர, மையம் பக்கத்தில் என்றால் எச்சரிக்கை கிளம்புவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். தேசிய நில அதிர்வு மையத்தின் பூகம்ப் செயலியில் நீங்கள் உணர்ந்ததைப் பதிவு செய்யுங்கள், அது எங்களைப் போன்றவர்களுக்கு உதவும்.

கணேசன், ஓசூர்: "இன்று இரவு 10.30-க்குப் பெரிய நிலநடுக்கம், நாசா அறிவிப்பு" என்று வாட்ஸப்பில் வந்தது.

அனுப்பியவரை அந்தக் குழுவிலிருந்து நீக்குங்கள்.

ராஜேந்திரன், பேர்ணாம்பட்டு: அதிர்வுக்குப் பிறகு வீட்டில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல். ஐயா, வீட்டை இடிக்கணுமா?

பதற வேண்டாம். ஒழுங்காகக் கட்டிய வீட்டை 3.6 பிளக்காது. பெரும்பாலும் விரிசல் முன்பே இருந்திருக்கும், ஆட்டத்துக்குப் பிறகுதான் நாம் சுவரை உற்றுப் பார்க்கிறோம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் போவது அஸ்திவாரம் இறங்கியதாலும், மழைக்கு மண் ஊறி வெயிலுக்குச் சுருங்கியதாலும் வரும். இரண்டு விரிசல் பெருக்கல் குறி மாதிரி ஒன்றையொன்று வெட்டினால், அல்லது தூணிலேயே விரிசல் இருந்தால், அன்றே பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

உங்கள் விரிசலுக்கு இதைச் செய்யுங்கள். அதன் இரண்டு முனையிலும் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் தேதி. நடுவில் ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு பக்கமும் சிமென்ட் வைத்து ஒட்டிவிடுங்கள். விரிசல் நகர்ந்தால் கண்ணாடி உடையும். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போகட்டும். கண்ணாடி அப்படியே இருந்து, விரிசலும் பென்சில் கோட்டைத் தாண்டாமல் இருந்தால் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்துவிடுங்கள்.