ஆடாதொடைக் குடிநீரை (கஷாயத்தை) வீட்டிலேயே தயாரிப்பது எப்படி?

வேலியோரம் தானாக வளரும் ஆடாதொடையை இருமலுக்குப் பயன்படுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பயன்படுத்தலாம், ஆனால் செடியை ஐயமின்றி அடையாளம் கண்ட பிறகே பறிக்க வேண்டும். மாவிலையைப் போல நீண்ட, ஆனால் அதைவிட மென்மையான இலைகள் தண்டில் எதிரெதிராக அமைந்திருக்கும். வெண்ணிறப் பூவின் கீழிதழில் ஊதா நிறக் கோடுகள் தெரியும். பூக்காத செடியென்றால், அறிந்தவர் ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள்.

சாலையோரத்துச் செடியையும் பூச்சிமருந்து தெளித்த வயலின் வரப்பில் நிற்பதையும் தவிர்த்துவிட்டு, முற்றிய இலைகளில் நான்கைந்தை நன்கு கழுவி, நடுநரம்பை நீக்கிக் கிள்ளிப் போட்டு, நான்கு மிளகைத் தட்டிச் சேர்த்து, இரண்டு தம்ளர் தண்ணீர் அரைத் தம்ளராகச் சுண்டும்வரை சிறுதீயில் காய்ச்சி வடிகட்டுங்கள். கசப்பு கடுமையாக இருக்கும். ஆறியபின் தேன் கலக்கலாம். அன்றன்று காய்ச்சுவதே முறை.

இக்கசப்புக்குக் காரணமான வாசிசின் என்னும் தாவர வேதிப்பொருளைப் (ஆல்கலாய்டு) பின்பற்றியே சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் மருந்து உருவாக்கப்பட்டது. அதே வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும் என்பதால் கர்ப்பிணிகள் இதை அருந்தவே கூடாது. குழந்தைகளுக்கு மருத்துவரைக் கேளாமல் கொடுக்காதீர்கள். இருமல் இரண்டு வாரங்களைக் கடந்தாலோ, சளியில் இரத்தம் தென்பட்டாலோ, கஷாயத்தை நம்பிக் காத்திராமல் அரசு மருத்துவமனையில் காசநோய்க்கான சளிப் பரிசோதனையை இலவசமாகச் செய்துகொள்ளுங்கள்.